மேனேஜரை யாருக்கும் கொடுப்பதாக இல்லை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இருக்க வேண்டும். இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், உன் பூனையும் இப்போது ஒழுங்காக ஒன்றுக்குப் போகிறான். சுகம் விசாரிப்பது இத்துடன் முடிந்தது, இனி எழுதப்போவதெல்லாம் கோபம். உன் மெசேஜுக்கு இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணமும் அதுதான். போனில் திட்டினால் "அம்மா, லைன்ல ஆள் இருக்காங்க, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, வைத்தாலும் அது மேஜைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் ஆற அமர உட்கார்ந்து படி, நடுவில் எழுந்து போகாதே.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் உனக்குத் தெரிந்தது பாதிதான், அந்தப் பாதியையும் நீ காதில் வாங்கவில்லை. அன்றைக்கு நான் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக உன் பூனை மேஜையின் மூலையில் உட்கார்ந்து பிள்ளைகளை முறைத்துக்கொண்டிருப்பானே, அதற்காகத்தானே மேனேஜர் என்று பேர் வாங்கினான், அன்றைக்கு அவன் இடத்தில் இல்லை. போய்ப் பார்த்தால் அவன் ஒன்றுக்குப் போகிற மண்தட்டில் குந்தியிருக்கிறான். வருகிறான், மறுபடி போகிறான், மறுபடி குந்துகிறான், மண் மட்டும் காய்ந்து கிடக்கிறது. உடனே உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "மலச்சிக்கலா இருக்கும்மா, கொஞ்சம் எண்ணெய் குடு, பாதி நடிப்பு, நான் இல்லேன்னு ஏக்கம்" என்றாய். உன் அப்பா ஒரு படி மேலே போய், "மேனேஜர் மெடிக்கல் லீவுக்கு அடி போடுறார்" என்றார். நானும் உங்கள் இரண்டு பேரையும் நம்பி ஒரு ஸ்பூன் எண்ணெயைப் புகட்டினேன். மறுநாள் கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுவிட்டான். கீழ்ப்பக்கத்தையே விடாமல் நக்குகிறான், சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை, வாந்தி வேறு. தூக்கலாம் என்று வயிற்றுக்கடியில் கை கொடுத்தேன், இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து முதல்முறையாக உறுமினான். துடைத்த தரையில் இளஞ்சிவப்பாக ஒரு சொட்டு. மறுபடி உன்னைக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. உன் அப்பா டூல்ஸ் பையில் இருந்த குறடு, ஸ்பானர் எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிட்டு, அந்தப் பையிலேயே துண்டைப் போட்டு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

வயிற்றில் கை வைத்த மாத்திரத்தில் டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. "மூத்திரப்பை கல்லு மாதிரி இருக்கு, இதை மலச்சிக்கல்னு யார் சொன்னா?" என்று கேட்டார். என் பொண்ணு என்றேன். பொண்ணு டாக்டரா என்றார். இல்லைங்க, கஸ்டமர் குறை கேக்குற இடத்துல வேலை பாக்குறா என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததும் எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் உள்ளவர் குறையெல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டு பொறுமையாகக் கேட்கிறாய், பெற்றவள் சொன்ன குறையைக் கேட்க உனக்கு நேரமில்லை. ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் ரொம்பச் சன்னமாம், மணல் மாதிரி படிகமும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொண்டதாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் விஷம் ரத்தத்தில் ஏறி இதயம் நின்றிருக்குமாம். மயக்க மருந்து கொடுத்து டியூப் விட்டுக் கழுவினார்கள், அங்கேயே படுக்கப் போட்டுக்கொண்டார்கள். கழுத்தில் நக்கவிடாமல் மாட்டிய பிளாஸ்டிக் புனலோடு, கூண்டுக்குள், நம் வீட்டு மேனேஜர். நீ அதைப் பார்க்கவில்லை. பார்த்தது நான்.

அதற்கப்புறம்தான் டாக்டரம்மா விசாரணையை ஆரம்பித்தார். என்ன சாப்பிடுகிறான்? நீ மாதாமாதம் அனுப்பிவைக்கிற அந்த மொறுமொறு உருண்டை, வேறொன்றும் இல்லை. தண்ணீர் எங்கே குடிக்கிறான்? சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே கிண்ணம் என்றேன். அதில் அவன் குடித்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், பார்த்ததே இல்லை. தினமும் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுவேன், கொட்டும்போது கிண்ணம் கிட்டத்தட்ட நிறைந்தே இருக்கும், சிந்தாமல் சிதறாமல் குடிக்கிறான், என்ன சமர்த்து என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற உன் அப்பா, "குளியலறைக் குழாய்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், முகத்தில் ஈயாடவில்லை. உனக்கு விளங்கியிருக்கும். ஊரார் வீட்டுக் குழாயையெல்லாம் அடைக்கிற பிளம்பர் வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று மாடிவீட்டு அக்கா கேலி செய்த அதே குழாய். நான் வருஷக்கணக்கில் கத்தியும் அவர் தொடாத குழாய். நீ வெளியூர் வேலைக்குக் கிளம்பிப் போன மறுநாள் மனுஷன் வேலைக்குப் போகவில்லை, வீடு வெறிச்சோடிக் கிடந்தது, சும்மா இருக்கிற கையை என்ன செய்வதென்று தெரியாமல் அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, புது வாஷர் போட்டு, ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் மாட்டிவிட்டார். பொண்ணு போனதுல இது ஒரு லாபம் என்று நானும் சொன்னேன். அடுத்த நாளெல்லாம் மேனேஜர் காய்ந்த குழாய்க்கடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான், மேற்பார்வை பார்க்கிறான் என்று நாங்கள் சிரித்தோம்.

இப்போது நான் கேட்கிறேன், அவன் அந்தச் சொட்டைத் தவிர வேறெங்கும் சரியாக வாய் வைப்பதில்லை என்று உனக்குத் தெரியுமா தெரியாதா? தெரியும். போட்டோகூட எடுத்து வைத்திருக்கிறாய். கிளம்பும்போது அவனுக்கு எந்தப் போர்வை பிடிக்கும் என்று சொன்னாய், காதுக்குப் பின்னால் எப்படிச் சொறிய வேண்டும் என்று சொன்னாய், எந்தப் பாட்டைப் போட்டால் தூங்குவான் என்று சொன்னாய். எங்கே தண்ணீர் குடிப்பான் என்று சொல்லவில்லை. என்னையும் நான் விடவில்லை. செறிவான கரைசல் அசையாமல் கிடந்தால் படிகம் கட்டும் என்று போர்டில் எழுதிப் போட்டுப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்கிறவள், என் வீட்டுப் பூனை வயிற்றில் அதே பாடம் நடந்தது தெரியாமல் இருந்திருக்கிறேன். அந்த ஆத்திரமும் சேர்ந்துதான் உன்மேல் வருகிறது, தாங்கிக்கொள்.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உன் அப்பா முதல் வேலையாகக் குழாயைக் கழற்றினார். பழைய வாஷரை எப்போதோ தூக்கி எறிந்தாயிற்று. கத்தியால் கீறிப் பார்க்கிறார், திருகைத் தளர்த்திப் பார்க்கிறார், ஒன்று பீய்ச்சி அடிக்கிறது, இல்லாவிட்டால் நின்றுபோகிறது, அந்தப் பழைய சொட்டு மட்டும் வரவே இல்லை. "ஒழுகுறதை நிறுத்தித்தான் இத்தனை காலம் பொழைச்சேன், ஒழுக வைக்க எவன் கத்துக்குடுத்தான்" என்று ஈரச் சட்டையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் எப்படியோ ஒரு மாதிரி வந்துவிட்டது, கீழே வாளி வைத்துப் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறேன். மாடிவீட்டு அக்கா மறுபடி சிரிக்கிறாள், சிரித்துவிட்டுப் போகட்டும். உருண்டை நின்றுவிட்டது, டாக்டரம்மா எழுதிக் கொடுத்த டின் சாப்பாடுதான், அதிலும் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து வைக்கிறேன். மீசை இடிக்காத அகலக் கிண்ணமாக வாங்கி டியூஷன் அறையிலும் ஜன்னல் பக்கமும் வைத்திருக்கிறேன், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. வாஷிங் மெஷினுக்கு அருகில் இருந்த மண்தட்டை எடுத்துவிட்டேன், பாவம் குந்தும் நேரம் பார்த்து அது உறுமினால் யாருக்குத்தான் வரும், இப்போது அமைதியான மூலையில் ஒன்று, உன் அறையில் ஒன்று. காலையும் மாலையும் நானே அள்ளுகிறேன், அவன் போய் நனைந்த மண் கட்டி எவ்வளவு பெரிது என்று பார்க்காமல் கொட்டுவதில்லை. உடம்பும் பெருத்துவிட்டதாம், அதனால் கயிற்றைக் கட்டி இழுத்து அவனை ஓடவைக்கிறேன், எனக்கு மூச்சு வாங்குகிறது, அவன் உட்கார்ந்து பார்க்கிறான். அப்பா வேலையிலிருந்து வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன் "போனானா?" என்றுதான் கேட்கிறார். டியூஷன் பிள்ளைகள்கூடப் பாடத்துக்கு நடுவில் கையைத் தூக்கி, "மிஸ், மேனேஜர் போயிட்டு வந்துட்டார்" என்று தகவல் சொல்கிறார்கள்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது நீ என்ன செய்தாய்? "உங்களுக்கு எதுக்கும்மா இந்தத் தொல்லை, என் ஃபிரெண்டு நல்லா வளர்ப்பா, குடுத்துடுங்க" என்று ஒரு மெசேஜ். நான் சரி என்று சொல்வதற்கு முன்பே அவளுக்கும் சொல்லிவிட்டாய், எனக்கு முன்னால் அப்பாவிடமும் பேசிவிட்டாய். அவர், தன் கையாலேயே அவனைக் கொல்லப் பார்த்தோம் என்ற வேதனையில் தலையாட்டியிருக்கிறார். குழாயை ரிப்பேர் பண்ணது கொலைன்னா நீங்க இந்த ஊர்ல பாதிப் பேரைக் கொன்னிருக்கணும் என்றேன். அடுத்த நாள் காலையில் வாசலில் உன் சிநேகிதி, கண்ணாடி போட்டவள், கையில் பெரிய கூடை. நல்ல பெண்தான், அவள்மேல் எனக்குக் கோபமில்லை. உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். வீட்டில் இன்னும் இரண்டு பூனை இருக்கிறதாம், ஒரு நாயும் இருக்கிறதாம், அது சும்மா குரைக்கும் அவ்வளவுதானாம். மண்தட்டு எத்தனை என்றேன். "ஒண்ணுதான் ஆன்ட்டி, எல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கும்" என்றாள். அதுவரை குளியலறைக்குள் ஒளிந்திருந்த உன் அப்பா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "உங்க வீட்டுக் குழாய் ஒழுகுமாம்மா?" என்று கேட்டார். அவளுக்குப் பெருமை, "இல்ல அங்கிள், எல்லாம் புதுசு, ஒரு சொட்டு கசியாது" என்றாள். "அப்ப சரிப்படாதும்மா" என்றார். மேனேஜர் பீரோவின் மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவகிட்ட நான் என்ன சொல்றது ஆன்ட்டி என்று அந்தப் பெண் விழித்தாள். நீ ஒண்ணும் சொல்லாதே, நான் எழுதிக்கிறேன் என்று காலிக் கூடையோடு அனுப்பிவைத்தேன்.

எழுதிவிட்டேன். தொல்லை என்று இன்னொரு தடவை சொல்லாதே. உன்னைக் கைக்குழந்தையாக வைத்துக்கொண்டு கல்லூரிக் கடைசி வருஷப் பரீட்சை எழுதியவள் நான். அப்போதும் "படிக்கிற பொண்ணுக்கு எதுக்கு இந்தத் தொல்லை, குழந்தையை நாங்க வளர்த்துக்கிறோம்" என்று கேட்க ஆள் இருந்தது. அனுப்பினேனா? துணியைக் கொண்டுபோனாய், புத்தகத்தைக் கொண்டுபோனாய், தலையணையைக்கூட விட்டுவைக்கவில்லை, அதையெல்லாம் நான் கேட்கவில்லை. இவனை மட்டும் எங்கேயும் அனுப்ப மாட்டேன். அவன் இப்போது இந்த வீட்டுப் பிள்ளை, உன் பெயரில் இருந்த உரிமை போயிற்று.

நீ நன்றாக இருக்க வேண்டும், நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், நாலு பேர் மெச்ச வாழ வேண்டும், இதையும் கோபத்தோடுதான் எழுதுகிறேன். சீட்டை விட்டு எழுந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார் என்று தண்ணீரே குடிப்பதில்லை என்று போன மாதம் சிரித்துக்கொண்டு சொன்னாயே, எனக்குச் சிரிப்பு வரவில்லை. குடி, வந்தால் அடக்காதே, எழுந்து போ, முறைத்தால் முறைக்கட்டும். அந்த உருண்டை மூட்டை இந்த மாதமும் வந்து வாசலில் நிற்கப்போகிறது, மறக்காமல் நிறுத்திவிடு. இனி உன் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரையும் இந்த வாசலுக்கு அனுப்பாதே. வருவதானால் நீ வா. கூடை இல்லாமல் வா.

கோபம் இன்னும் ஆறாத,
உன் அம்மா