பஞ்சடைத்த காற்று

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் சுகமாகத்தான் இருக்கிறோம், அம்மா மதியத் தூக்கத்தில் இருக்கிறாள். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் பதறிவிடுவாய் என்று அம்மா தடுத்த சேதி இது, நல்லபடியாக முடிந்துவிட்டது, நிதானமாகப் படி.

போன மாதம் ஒரு காலை ஊரே பாலுக்குள் முக்கி எடுத்தது போல வெளுத்துக் கிடந்தது. எதிர்வீட்டு மாடி நங்கூரமிட்ட கப்பலாய்த் தெரிய, தெருவிளக்குகள் கம்பமில்லாமல் மிதந்தன. அழகில் மயங்கி அம்மா நடக்கக் கிளம்பிவிட்டாள். முச்சந்தியில் காற்றின் தரம் சொல்லும் மின்பலகையில் ‘மிதக்கும் துகள்மச் செறிவு: மிதமான வரம்பு மீறல்’ என்று ஓடியிருக்கிறது, காற்றில் தூசி அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். “மிதமானன்னு போட்டிருந்துச்சா, நல்ல சேதிதான்னு நெனச்சுட்டேன்” என்றாள் பிறகு. பூங்காவைச் சுற்றி வருவதற்குள் மூச்சு இழுத்துக்கொள்ள, பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். தையல்கடைக்காரர்தான் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். முகமூடிக்குள் மருந்துப்புகை பனியாய்ச் சுழல, அவள் கண்களை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என் உயிர் என்னிடம் இல்லை.

வீடு திரும்பியதும் காத்தாடி வந்தாள். மாசுக் கண்காணிப்பு நிலையத்துப் பொறியாளர், எந்நேரமும் மொட்டை மாடியில் கருவிகளோடு நிற்பதால் தெரு வைத்த பேர். அவர்கள் அலுவலகத்துக்கு நான் கலைச்சொல் எழுதிக்கொடுப்பது உனக்குத் தெரியுமே, அந்தப் பழக்கம். கட்டிலோரம் உட்கார்ந்து, “கருவி சரியாத்தாம்மா சொல்லுச்சு, நாங்கதான் சரியாச் சொல்லல” என்று கண்கலங்கினாள். பிறகு, எந்த மாதிரிக் காற்றில் உடம்பு எப்படி இருக்கும் என்று அம்மாவையே கேட்டாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கனவில் பேசுவது போலச் சொல்லிக்கொண்டே போனாள், இன்னிக்கு நெஞ்சு லேசா இருக்கு, அன்னிக்குப் பஞ்சு அடைச்ச மாதிரி இருந்துச்சு என்று. நானும் காத்தாடியும் அதையே பலகை வாசகமாக எழுதினோம்.

அந்த வாசகத்தை முடிவு செய்யக் கூடிய அலுவலகக் கூட்டத்துக்கு வந்திருந்த நம் ஊர் சிமெண்டு ஆலை மேலாளர் எதிர்த்தார். “நெஞ்சு அடைக்கும்னு போட்டா ஊரே எங்க புகைபோக்கியத்தான் பாக்கும்” என்றார். என்னோடு வந்திருந்த அம்மா எழுந்து, “இப்பவும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம் தம்பி, மூச்சு வாங்குறதால வாயத் திறக்கல” என்றாள். கூட்டத்தை நடத்திய அதிகாரி சிரித்துவிட்டார், போட்டுத்தான் பார்ப்போமே என்றார்.

அடுத்த வெள்ளைக் காலையில் பலகை சொன்னது: ‘இன்று நெஞ்சில் பஞ்சு அடைத்தது போல இருக்கும். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் வீட்டில் இருங்கள்.’ பள்ளிக்கூட மைதானம் வெறிச்சோடியது. பலர் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு ஆலை வாசலுக்கே போய், எங்கள் நெஞ்சில் ஏன் பஞ்சு என்று கேட்டார்களாம். முன்பு கேட்பதற்கு வார்த்தையே இருந்ததில்லை பார். காத்தாடி உள்ளே போய்ச் சோதித்ததில், தூசியைப் பிடிக்கிற வடிகட்டிப் பைகள் நார்நாராய்க் கிழிந்திருந்தன. ஆலைச் சூளையை நிறுத்தி, புதுப் பைகள் மாட்டிய பிறகே ஓட்டவிட்டார்கள்.

நேற்று அம்மாவும் நானும் முச்சந்தி வரை போனோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. பலகையில் ‘இன்று ஆழமாக மூச்சு விடலாம்’ என்று வந்தது. காய் வாங்க நின்றவர்கள், பேருந்து ஓட்டுநர், யாரோ ஒரு கைக்குழந்தைக்காரி, வாசித்த அத்தனை பேரும் தம்மையறியாமல் ஒருமுறை மூச்சை இழுத்து விட்டார்கள். தெருவே ஒரே உடம்பாகி மார்பு ஏறி இறங்கியது போலிருந்தது. அம்மா என் கையை விட்டுவிட்டுத் தனியாகவே சாலையைக் கடந்தாள்.

உனக்கும் அம்மாவின் நெஞ்சுதான், மூச்சு வாங்கினால் இழுக்கும் மருந்து உறிஞ்சியைப் பையில் வைக்காமல் படி இறங்காதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனம் போலச் செழித்திருக்க எங்கள் ஆசிகள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா