நாக்குக்குக் கிடைத்த சாட்சி

வீட்டுக்காரிக்கு,

முதலில் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நேற்று எங்கள் மருந்துக் கம்பெனியில் எல்லாரும் பார்க்க, சூப்பர்வைசர் அம்மாவின் மேசைமேல் துப்பிவிட்டேன். மற்றபடி நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

புது இருமல் மருந்தைச் சுவை பார்க்க ஆள் எடுத்தார்கள். யாருக்குக் கசப்பு தெரிகிறது என்று சோதிக்க முதலில் ஆளுக்கு இரண்டு துண்டுக் காகிதம், ஒவ்வொன்றாக நாக்கில் வைக்க வேண்டும். முதல் காகிதம் பட்டதுமே கசப்பு தாங்காமல் துப்பிவிட்டேன். பக்கத்தில் நின்ற டிரைவர், "என்னண்ணே, சும்மா பேப்பர் மாதிரிதானே இருக்கு?" என்றான். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "சிலருக்குக் கசப்பு பயங்கரமா தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது. பெத்தவங்ககிட்டேருந்து வர்றது" என்றார்.

கேட்டாயா? பாகற்காய் வைக்கும்போதெல்லாம், "ஊரே திங்குது, உங்க நாக்கு மட்டும் தங்கமா?" என்பாயே! இது எங்கப்பா கொடுத்த நாக்கு. மகளுக்கும் அதேதான். அவள் தட்டு முன்னால் அழுததைப் போனில் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அறைக்கும் மாடிக்குமாக நடக்கிறேன். அவளை வற்புறுத்தாதே.

பாகற்காய் வற்றல் கொஞ்சம் அனுப்பு. தின்ன மாட்டேன். டப்பாவைப் பார்த்தால் உன்னோடு சண்டை போட்ட மாதிரியாவது இருக்கும், இங்கே அதற்குக்கூட ஆளில்லை. இரண்டு பனியனும் வை. கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்

பி.கு.: நீ எப்படியும் கிளறிக் கேட்பாய், நானே சொல்லிவிடுகிறேன். முதல் காகிதத்தில் எதுவுமே தடவவில்லையாம். கசப்பு இருந்தது இரண்டாவதில்தான். அதை நான் சப்பிக்கொண்டே, "இது பரவாயில்லை" என்று சொல்லியிருக்கிறேன்.