பி.காம். என்று சொன்னால் போதும்

12 ஜூன் 2002

சென்னை கம்பெனியிலிருந்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்தது. போன வருடம் கேம்பஸில் எடுத்தவர்கள் யாரையும் சேர்த்துக்கொள்ளப் போவதில்லையாம். இத்தனை மாதமாகப் பொறுங்கள், பொறுங்கள் என்றார்கள். இனி அதுவும் இல்லை. எம்.பி.ஏ. முடித்துவிட்டு அப்பா கடையில் கற்பூரப் பொட்டலம் மடிக்கிறேன்.

17 ஜூன்

பட்டம் வாங்கிய போட்டோவை அம்மா சுவரிலிருந்து கழற்றிவிட்டாள்.

“எம்.பி.ஏ.ன்னா அதுக்கு மேல படிச்ச மாப்பிள்ளைக்கு எங்கடி போறது? பி.காம்.னே சொல்லிக்கலாம். உனக்குப் பின்னால இனியா நிக்கிறா.”

தங்கை தலை குனிந்துகொண்டாள். இரண்டு இடம் தட்டிப்போனது என் படிப்பால்தான். படிப்பை ஜாஸ்தி சொல்லிப் பெண் கொடுப்பவர்கள் உண்டு. கம்மியாகச் சொல்லிக் கொடுக்கும் வீடு எங்களுடையதுதான். போட்டோ இருந்த இடம் வெளுத்துத் தெரிந்ததால் அப்பா அதன்மேல் காலண்டரை மாட்டினார்.

24 ஜூன், பௌர்ணமி

எங்கள் அடி அண்ணாமலை ஊர் முழுக்கக் கிரிவலக் கூட்டம். கடையில் நிற்க நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். செங்கம் ரோட்டில் லாட்ஜ் வைத்திருக்கும் கோதண்டராமன் வீடு. பையன் புகழேந்தி பி.காம். படித்தவர். வேண்டாம் என்று சொல்ல என் கையில் என்ன இருக்கிறது?

30 ஜூன்

போச்சு. எல்லாம் என் வாயால.

நல்ல மனிதர்களாகத்தான் இருந்தார்கள். புகழேந்தி கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, “நீங்க செஞ்சதா?” என்றார். “இல்லீங்க, தங்கச்சி” என்றேன். சிரித்துவிட்டார். எனக்குப் பிடித்திருந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் பிடித்திருந்தது.

பிறகு அவருடைய அப்பா, “பௌர்ணமிக்கு ரூம் இல்லாம ஜனம் திரும்பிப் போவுதுங்க. மேல இன்னொரு மாடி எழுப்பப் போறேன்” என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

“மாசத்துல ஒரு நாளுக்காகவா மாடி கட்றீங்க? மீதி நாள் யாரு தங்குவாங்க? ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளைக்காரங்க மாசக்கணக்குல தங்க இடம் தேடுறாங்க. கீழ் ரூம்லயே அடுப்பு வெச்சுக் குடுங்க” என்று ஆரம்பித்தவள், எத்தனை ரூம் நிரம்பும், போட்ட முதல் எப்போது திரும்பும் என்று ஆக்குபன்சி, பிரேக் ஈவன் வரை போய்விட்டேன். அம்மா காலை மிதித்தாள். மிதித்தும் நிற்கவில்லை.

கோதண்டராமன் என்னையே பார்த்தார். “பி.காம்.ல இதெல்லாம் சொல்லித் தர்றாங்களா?”

நுணலும் தன் வாயால் கெடும்.

1 ஜூலை

அம்மா பேசவில்லை. இனியாவும்.

7 ஜூலை

விசாரித்துவிட்டார்களாம். “எங்க வீட்டுக்கு இவ்ளோ படிப்பு தாங்காது” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பொய் சொன்னதற்குக்கூடக் கோபமில்லையாம்.

நான் என்ன பண்ணிட்டேன்? படிச்சேன். நல்லாவே படிச்சேன். ரெண்டு வருஷமா வாயத் தொற, பேசு, அபிப்பிராயம் சொல்லுனு பழக்கினாங்களே — மூடறதுக்கு ஒருத்தராவது சொல்லித் தந்தாங்களா? இனியாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? செத்துப்போகலாம் போல இருக்கு.

19 ஜூலை

கோதண்டராமன் தனியாகக் கடைக்கு வந்தார். மனசு மாறிவிட்டது என்று அம்மா இனியாவைப் பாலுக்கு ஓடவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து நின்றேன்.

“மாடி வேலைய நிறுத்திட்டேன்மா. நீ சொன்னாப்ல அடுப்பு வெக்கலாம்னு இருக்கேன். கூட இருந்து பாத்துக்க ஆள் வேணும். மேனேஜரா வர்றியா?”

காபி ஆறியது. “ஆடியில புது வேலையா?” என்றாள் அம்மா.

வருகிறேன் என்றேன். வேறு எங்கே போவேன்?

6 ஆகஸ்ட்

அடுப்பு வைத்த ரூமுக்கு முதல் ஆள் வந்துவிட்டார், ஒரு ஜெர்மன்காரம்மா. மூன்று மாதம் தங்குவாராம். புகழேந்தி சந்தோஷத்தில், “சூப்பர் மேடம்” என்றார்.

மேடம்.

4 செப்டம்பர்

நாளை புகழேந்திக்குக் கல்யாணம். பெண் போளூர். பெண் வீட்டாருக்கு மாடி ரூம்களை ஒதுக்கினேன். விடியற்காலை வெந்நீருக்குச் சொல்லிவைத்தேன். மணப்பெண் ரூமில் பெரிய கண்ணாடி இல்லை என்று நானே ஆட்டோவில் போய் வாங்கிவந்தேன்.

சாயங்காலம் பெண்ணின் அம்மா சாவி வாங்க வந்தார். நான் வேலையாட்களை ஏவுவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ என்னம்மா படிச்சிருக்கே?”

“பி.காம்.ங்க” என்றேன்.

“எங்க பொண்ணும் அதான்” என்று சிரித்துக்கொண்டே சாவியை வாங்கி மாடி ஏறினார்.