சரஸ்வதி பூசைக் குங்குமம்

சட்டன், லண்டன்
9.8.1993

அன்புள்ள கலாவதிக்கு,

நான் சுகம். உமது சுகமும் மகள் சிவமலரின் சுகமும் அறிய ஆவல். கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் அறையில் வெக்கை தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர். இங்கே வெயில் என்று இவர்கள் சொல்வதைப் பார்த்தால் சிரிப்பீர்.

ஒரு விஷயத்தை உமக்கு மறைக்க மனமில்லை. போன கிழமை நான் வேலை செய்யும் பெற்றோல் ஸ்டேசன் கடையில் பால் அடுக்கிக்கொண்டு நின்றபோது, பட்டப்பகலில் இரண்டு பேர் வந்து என் கழுத்தில் கத்தியை வைத்தார்கள். கல்லாவைத் திறந்து கொடுத்துவிட்டேன். கொம்பனிச் சட்டம் அதுதான்: கேட்டதைக் கொடு, எதிர்த்து நிற்காதே, எந்த ஆயுதமும் வேலைக்குக் கொண்டுவராதே. சுவரில் ஒட்டியே வைத்திருக்கிறார்கள். மனேஜர் பாலேந்திரா அண்ணை நல்ல மனிதர். "உயிர் கிடக்குத்தானே கனகு, விடும்" என்றார். எனக்குத்தான் விட முடியவில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே கை கழுத்துக்குப் போகிறது.

அதனால் தெரிந்த ஒருவன் மூலம் ஒரு சின்னக் கைத்துப்பாக்கி வாங்கினேன். கோட்டின் உள்பையில் கிடக்கிறது. சுடுவதற்கு அல்ல. அது கிடக்கிறது என்று நினைத்தால் கை கழுத்துக்குப் போவதில்லை, அவ்வளவுதான். வேறொருவருக்கும் தெரியாது.

பிள்ளைக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
கனகலிங்கம்

வெள்ளவத்தை
24.8.1993

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் கடிதங்களைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். இந்த முறை பாதியில் நிறுத்திவிட்டு, அப்பாவுக்குத் தடிமன் காய்ச்சலாம் என்று பொய் சொன்னேன்.

என் தம்பி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்ததும் இப்படி ஒரு சின்னச் சாமான்தான். "சும்மா கிடக்கட்டும் அக்கா" என்றுதான் அவனும் சொன்னான். அதைத் தேடி வந்தவர்கள் அதையும் எடுத்தார்கள், அவனையும் கொண்டு போனார்கள். அம்மா இன்றுவரை அந்தப் பானையில் அரிசி போடுவதில்லை.

நான் அங்கே வர ஆசைப்படுவது சொகுசுக்கு என்று நினைக்கிறீர்களா? துவக்கு இல்லாத ஒரு வீட்டில் பிள்ளையை வளர்க்கத்தான். வேலை போனால் எங்களுக்குக் கேட்டிருக்கிற விசாவும் போகும். பொலிஸ் பிடித்தால் எல்லாமே போகும். அதையெல்லாம் விடுங்கள். அது இருக்கிற வீட்டுக்குள் நான் கால் வைக்கமாட்டேன். எறிந்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். எனக்கு அது போதும்.

உங்கள்,
கலாவதி

சட்டன்
12.9.1993

அன்புள்ள கலாவதிக்கு,

எறிந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ரயில் எடுத்துப் போய், பாலத்தில் நின்று தேம்ஸ் ஆற்றுக்குள் போட்டேன். இனிக் கோபத்தை விடும்.

அப்படியே ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய் உங்கள் இருவர் பெயரிலும் அர்ச்சனை செய்வித்தேன். பிள்ளைக்கு ஒரு சிவப்புக் கோட்டுப் பார்த்து வைத்திருக்கிறேன். அளவு தெரியவில்லை. உமது தோள்வரை வருகிறாளா?

அன்புடன்,
கனகலிங்கம்

வெள்ளவத்தை
2.10.1993

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் கொண்ட நித்திரையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தம்பி போன பிறகு அப்படி ஒரு நித்திரை இல்லை. பிள்ளைதான் தட்டி எழுப்பினாள். தோளுக்கு இன்னும் வரவில்லை, ஆனால் வாய் மட்டும் என்னைத் தாண்டிவிட்டது.

விசாவுக்கு நேரில் கூப்பிட்டுக் கேட்டார்கள். பதறாமல் மறுமொழி சொன்னேன். கெதியாக முடிவு வருமாம்.

சரஸ்வதி பூசை வருகிறது. ஊரில் சைக்கிளுக்குக்கூடப் பொட்டு வைத்த மனிதர், அங்கே போய் விட்டுவிடாதீர்கள். வேலையில் உங்களுக்குத் துணையாய் நிற்கிற சாமானைப் படத்துக்கு முன் வைத்து, சந்தனமும் குங்குமமும் பூசிக் கும்பிடுங்கள். பேனை என்றாலும் போதும். பூசைக் குங்குமத்தில் எங்களுக்கும் கொஞ்சம் அனுப்புங்கள்.

உங்கள்,
கலாவதி

சட்டன்
24.10.1993

அன்புள்ள கலாவதிக்கு,

நீர் சொன்னபடி பூசை செய்தேன். கல்லாச் சாவியும் பேனையும் வைத்தேன். கடலை அவித்தேன், அரைவாசி கருகிவிட்டது. சந்தனத்தைத் தண்ணீராகக் குழைத்துவிட்டேன், இந்தக் குளிரில் காயவே மாட்டேன் என்கிறது. நாளை காலை வேலை.

குங்குமம் இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். நான் வைத்துவிட்டதாக நினைத்து நெற்றியில் வையும்.

அன்புடன்,
கனகலிங்கம்

லண்டன்
20.11.1993

அன்புள்ள கலாவதிக்கு,

இதை மறியலில், சிறை அறைக்குள் இருந்து எழுதுகிறேன்.

நான் அதை எறியவில்லை. பாலம்வரை போனேன். பைக்குள் விட்ட கையை வெளியே எடுக்க முடியவில்லை. திரும்பி வந்து உமக்கு அந்த வரியை எழுதினேன். பூசையன்று சாவிக்கும் பேனைக்கும் பக்கத்தில் அதையும் வைத்துப் பொட்டு வைத்தேன். எனக்குத் துணையாய் நின்றது அதுதானே. சாமிக்கு வைத்ததைத் துடைக்க மனம் வரவில்லை. மறுநாள் ஈரத்தோடு கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அந்தக் குங்குமம் பையின் துணியால் ஊறி வெள்ளைச் சட்டையில் பிடித்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. கோட்டு விலகியபோது பாலேந்திரா அண்ணை கண்டுவிட்டு, "ஐயோ கனகு, ரத்தம்" என்று ஓடி வந்தார். யாரோ குத்திவிட்டான் என்று நினைத்துவிட்டார். ஒன்றுமில்லை என்று நான் சொல்லச் சொல்ல, காயத்தை அமத்த வந்த மனிதரின் கை பைக்குள் கிடந்த துவக்கில் பட்டது. கடை நிறையச் சனம். "எனக்கும் பிள்ளையள் இருக்கு, நான் மறைக்கேலாது" என்று அழுதுகொண்டே பொலிசுக்குப் போன் அடித்தார். அவரில் பிழை இல்லை.

எத்தனை மாதம் என்று தெரியாது. மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதும், கலா.

கனகலிங்கம்

வெள்ளவத்தை
15.12.1993

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்துக்கு முதல் நாள்தான் விசா வந்தது. அது இனிச் செல்லுமோ தெரியாது. நான் விசாரிக்கவில்லை. நாங்கள் வரவில்லை.

நீங்கள் பயந்தது எனக்கு விளங்குகிறது. மறியல்காரன் பெண்சாதி என்று சனம் சொன்னாலும் எத்தனை வருடமும் காத்திருந்திருப்பேன். ஆனால் அந்த ஒரு வரியை நம்பி நான் நித்திரை கொண்டேன். அந்த நித்திரையைத்தான் என்னால் மன்னிக்க ஏலாமல் இருக்கிறது.

பிள்ளைக்கு இந்த முறை தடிமன் என்று சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன். "மாமா மாதிரியோ அம்மா?" என்று கேட்டாள். நான் ஓம் என்றேன்.

நீங்கள் அனுப்பிய குங்குமத்தை ஒவ்வொரு நாளும் குளித்துவிட்டு வைத்தேன். பிள்ளைக்கும் வைத்துவிட்டேன். உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு இரண்டு பேரும் போய் முகம் கழுவினோம். மிச்சத்தை இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன்.

அங்கே குளிராம். உடம்பைக் கவனியுங்கள்.

கலாவதி