திரையை இறக்கும் முன்

பிங்துங்,
புதன்கிழமை

அன்பு மகள் லிங்-யாவுக்கு அப்பா எழுதுவது. அந்தக் குளிர் நாட்டில் நீ உடம்பு கெடாமல், வேளைக்கு வயிறாரச் சாப்பிட்டு இருக்க வேண்டும். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, மற்றபடி சுகம். நான் நடமாடுகிறேன், கஞ்சி குடிக்கிறேன். நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் நான் எழுந்து போய்விடுகிறேன் என்று, "வெளிநாட்டுப் பையனக் கட்டிக்கிறேன்னு அப்பாவுக்கு என்மேல கோபம்" என அம்மாவிடம் அழுதாயாம். கோபமே இல்லை கண்ணு. வாயில் சின்னக் கட்டி, எடுத்தாச்சு என்று மட்டும் உன்னிடம் சொல்லச் சொல்லியிருந்தேன். எடுத்தது பாதி நாக்கு. இப்போது என் பேச்சு இருக்கிற லட்சணத்தை நீ கேட்க வேண்டாம் என்றுதான் ஒளிந்தேன்.

ஆஸ்பத்திரியில் வாய்ப் பயிற்சி தருகிற பெண்ணின் பெயர் செங், உன் வயசுதான் இருக்கும். லாரியில் கண் அசராமல் இருக்க மென்ற பாக்கு தாடையை இறுக்கிவிட்டது, வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்கிறது. ஐஸ் குச்சி மாதிரி தட்டைக் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, பழகினதும் இன்னொன்றைச் செருகுவாள், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். உதட்டோரம் தேனைத் தடவி நக்கச் சொல்வாள், மிச்ச நாக்கு அந்தப் பக்கம் போகவே மாட்டேன் என்கிறது. ஆனாலும் விடாமல் செய்ததில் தண்ணீர் புரையேறாமல் இறங்குகிறது, போன வாரம் மசித்த மீன் சாப்பிட்டேன், அம்மா அடுக்களைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். பேச்சுதான் வரவில்லை. கோயில் முன்னால் சீட்டாடுகிற இடத்தில், விஷயம் தெரியாத ஒரு பழைய லாரிக்காரன், "என்னண்ணே, பாக்க வாயில வச்சுக்கிட்டே பேசுறீங்க, துப்பிட்டுப் பேசுங்க" என்று சிரித்தான். நானும் சிரித்துவிட்டு வந்தேன். அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

கல்யாணத்தன்று நீ மாப்பிள்ளையோடு கார் ஏறக் கிளம்பும் முன், நம் வழக்கப்படி உன் முகத்திரையை இறக்கி, நாலு வரி வாழ்த்து நான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடும். முந்தாநாள் நான் அதைச் சொல்வதைச் செங் ஃபோனில் பதிந்து போட்டுக் காட்டினாள். எனக்கே ஒரு சொல்கூடப் புரியவில்லை. "தேறும் மாமா, ஆனா கல்யாணத்துக்குள்ள வராது, பொய் சொல்ல மனசு வரல" என்றாள். உன் தாய்மாமாவும், "அத்தான், நீங்க பக்கத்துல நின்னா போதும், நான் சொல்லிக்கிறேன்" என்கிறான். யார் சொன்னாலும் மாப்பிள்ளைக்குப் புரியப்போவதில்லை, அந்த மட்டில் தப்பித்தோம். சரி என்று சொல்லிவிட்டேன், ஆனால் வயிறு எரிகிறது லிங்-யா, என் பெண்ணுக்கு இன்னொருத்தன் வாழ்த்துச் சொல்வதா என்று எரிகிறது.

திரையை இறக்கும் வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இறக்குவதற்கு முன் உன்னை ஒருதரம் கூப்பிடுவேன். உன் பெயர்போல் கேட்காது, பக்கத்தில் நிற்பவர்கள் ஏதோ முனகல் என்று நினைப்பார்கள். அது உன் பெயர்தான். கார் ஏறிய பிறகு மணப்பெண் திரும்பிப் பார்க்கக் கூடாது, அது நம் வழக்கம், நீயும் பார்க்காதே. அதனால் அப்போதே "என்னப்பா" என்று கேட்டுவிடு.

நீங்கள் இருவரும் குறையில்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். வரும்போது கனமான உடுப்பைச் சுமந்து வராதே, இங்கே குளிர் இல்லை.

உன் அப்பா,
வூ பெங்-ஷான்