மடக்கிப் புதைத்த கால்

என் செல்ல அப்பாவுக்கு,

அழுது முடித்தாயிற்று. இப்போது மிச்சம் இருப்பதெல்லாம் கோபம்தான். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

சர்க்கரை முற்றி உங்கள் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த அன்று, அதை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி, கீழக்குயில்குடியில் நம் தோட்டத்துக் கிணற்றோரம் புதைத்தவர் பெரியப்பா. உடம்பில் ஒரு பங்கு குப்பைக்குப் போகக்கூடாது என்றார். அதுவரை சரி. ஆனால் அவசரத்தில் சின்னக் குழி வெட்டி, காலைப் பாதம் மடங்கச் சாக்கில் திணித்து வைத்துவிட்டு வந்துவிட்டார்.

புண் ஆறி வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தது. இல்லாத காலில் கட்டைவிரல் உள்ளே மடங்கிக்கொண்டு உயிர் போகிறது என்றீர்கள். இத்தனை வருஷம் பஸ் ஓட்டிய கால் அல்லவா, கண் அசந்தால் பிரேக்கை வேறு மிதித்தது. வெட்டுப்பட்ட நரம்பு செய்கிற வேலை, ஆனால் வலி நிஜம்தான் என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரைக்கு அது கேட்கவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வாசலுக்குப் போய்ச் சிரித்தார்கள். உங்களுக்கும் கேட்டிருக்குமா அப்பா?

கால் மடங்கிக் கிடக்கும், தோண்டி நீட்டி வை என்று பெரியப்பாவிடம் கேட்டீர்கள். அப்படிச் செய்ததும் வலி நின்றதாக நம் பக்கம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். "பொதச்சதத் தோண்டுனா குடும்பத்துக்கு ஆகாதுடா" என்று மறுத்துவிட்டார். நான் மண்வெட்டியை எடுத்தபோது, பொம்பளைப் பிள்ளைக்கு என்ன வேலை என்று பிடுங்கி வைத்தார். தோண்டியிருந்தால் வலி நின்றிருக்குமா? எனக்குத் தெரியாது. ஒரு பொழுதாவது நிம்மதியாகப் படுத்திருப்பீர்கள். அது போதாதா?

நெஞ்சுவலியில் நீங்கள் போன அன்று நடந்ததைக் கேளுங்கள். "தம்பி முழுசாப் போகணும்" என்று அதே பெரியப்பா ஆள் விட்டுத் தோண்டினார். உங்கள் பக்கத்தில் வைத்து அடக்கம் செய்ய எலும்பைச் சாக்கோடு கொண்டு வந்தார்கள். ஊரே அவருடைய பாசத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தது. உயிரோடு கெஞ்சியவருக்கு ஆகாதது பிணத்துக்கு மட்டும் ஆகுமா என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். எழவு வீட்டில் வாயாடுகிறாள் என்று என்னை அடக்கினார்கள். சாக்கை அவிழ்த்து, உங்கள் கால்விரல் எலும்புகளை நான்தான் நீட்டி வைத்தேன்.

இப்போது பெரியப்பாவுக்கும் சர்க்கரைப் புண். வரும் வாரம் அவர் காலையும் எடுக்கிறார்கள். நேற்றுப் பார்க்கப் போனேன். எல்லாரும் வெளியே போனதும் என் கையைப் பிடித்தார்.

"ஆத்தா, எங்கால நீயே பொதச்சிரு. நேரா வையி."

கையை உதறிவிட்டேன். "எங்கப்பா கேட்டப்ப ஏன் பெரியப்பா செய்யல?" என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மன்னித்துவிடு என்பீர்கள். முடியாதப்பா. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். நீளமாகக் குழி வெட்டி, அந்தக் காலை விரல் விரலாக நீட்டி வைப்பேன். அதற்குப் பிறகும் மடங்கியிருக்கிறது, வலிக்கிறது என்று அவர் சொன்னால், ஏன் எதற்கு என்று கேட்காமல் போய்த் தோண்டுவேன். ஒவ்வொரு வெட்டுக்கும் அவரைத் திட்டிக்கொண்டேதான் தோண்டுவேன்.

உங்கள் மூத்த மகள்,
செல்வி
கோச்சடை