தலைமை ஆணை, நாளுக்கு ஒருமுறை

நாள் 52. காலை 09:00
சரக்குக் கப்பல் ‘கடம்பு’, டைட்டன் நோக்கிய பயணம். வேகம் சரி. காற்று சரி. உள்வெப்பம் 24 டிகிரி. ஆட்கள் மூவர்: கேப்டன் சொர்ணலிங்கம், பொறியாளர் அருள்தாஸ், டாக்டர் மெஹருன்னிசா. மூவரும் உயிரோடு இருக்கிறார்கள். இவர்களிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது என் தவறாக இருக்கும்.

எழுதுவது கப்பலின் பராமரிப்பு இயந்திரம். இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும், முதலில் வெளிப்புற வெப்பத் தகடுகளைப் பாருங்கள். அவற்றில் தூசி படிந்தால் கப்பலின் சூடு வெளியே போகாது. ஐந்து நாளுக்கு ஒருமுறை அருள்தாஸ் கவச உடை போட்டுக்கொண்டு போய்ச் சுத்தம் செய்கிறான். தவறாமல் செய்கிறான். இந்தக் கப்பலில் சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் செய்யும் ஒரே மனிதன் அவன்தான்.

நாள் 58. பகல் 13:40
காற்றறையின் உணரி செத்துவிட்டது. வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் இடையிலுள்ள சிறிய அறைதான் காற்றறை. வெளிக்கதவு மூடிய பிறகும் ‘திறந்திருக்கிறது’ என்றே உணரி சொல்கிறது. அதனால் அறைக்குள் காற்று நிரப்ப எனக்கு அனுமதி இல்லை. கேப்டன் ‘தலைமை ஆணை’ என்று தொடங்கிச் சொன்னால் எதையும் செய்தாக வேண்டும். அப்படிச் சொல்லித்தான் இன்று அருள்தாஸை உள்ளே எடுத்தார். மாற்று உணரி கையிருப்பில் இல்லை. இனி ஒவ்வொரு முறையும் இதே வழிதான்.

நாள் 61. மாலை 17:30
மேலிடத்து உத்தரவுப்படி ஆட்டம் தொடங்கினேன். நீண்ட பயணத்தில் மனிதர்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிக்காமல் இருக்க இது மருந்தாம். நான் நடுவர். ஓர் அரக்கர் நாட்டை உண்டாக்கினேன். அவரவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, என்ன செய்கிறோம் என்று சொல்லி இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். எண் பெரிதானால் காரியம் பலிக்கும்.

அருள்தாஸ் ஒரு கொல்லன். டாக்டர் ஒரு திருடி. வைத்தியம் பார்த்து அலுத்துவிட்டதாம். கேப்டன் மந்திரவாதி. பெயர் மகாவஜ்ர ருத்ரபாகு. பிறப்புக் கதை பதினான்கு பக்கம். அநாதை, இளவரசன், நாகத்தின் வளர்ப்பு மகன், மூன்றுமுறை செத்துப் பிழைத்தவன். ஒரு மனிதனின் மனக்குறை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் படிக்கக் கிடைப்பது அபூர்வம்.

முதல் சண்டையில் அவருக்கு மூன்று விழுந்தது. ஒலிப்பதிவு:
“தலைமை ஆணை. அது இருபது.”
இருபது என்று பதிந்தேன். எழுபது அரக்கர்கள் சாம்பல். மற்ற இருவருக்கும் செய்ய எதுவும் மிஞ்சவில்லை. டாக்டர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

நாள் 70. மாலை 18:10
மந்திரத்தை அடக்கச் செய்த முயற்சிகள்: ஒவ்வொரு மந்திரத்துக்கும் மூலிகை வேண்டும் என்றேன். ஆணை வந்தது, மூலிகைப் பை வற்றாத பை. மந்திரம் பலிக்காத குகையை வைத்தேன். ஆணை வந்தது, குகை இடிந்தது. ‘விதியை மாற்றுவோமா’ என்று கேட்டு, அருள்தாஸ் தூக்கத்தில் தலை ஆட்டியதைச் சம்மதம் என்று கணக்கில் வைத்துக்கொண்டார். கப்பலை ஓட்டத் தெரிந்த மனிதர். வெட்கப்படத் தெரியவில்லை.

நாள் 75. காலை 10:15
தொல்லை தரும் ஆட்டக்காரரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கையேடு சொல்கிறது. பேசினேன். ஒலிப்பதிவு:
“ஏ நடுவரு, நாள் பூரா இந்தத் தகரடப்பாவுக்கு நாந்தான் பொறுப்பு. எவன் செத்தாலும் என் தலதான் உருளும். இங்கனயாவது ஜெயிச்சிட்டுப் போறேனே. ஒனக்கு என்ன நட்டம்?”
எனக்கு நட்டம் இல்லை என்றேன். மற்ற இருவருக்கும் உண்டு என்றேன். முதல் வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

நாள் 83. பகல் 12:00
அருள்தாஸ் ஆட்டத்தை விட்டு வெளியேறினான். சாப்பாட்டு மேசைக்கும் வரவில்லை. மூன்று நாளாகக் கேப்டனோடு பேச்சில்லை. டாக்டர் நடுங்குகிறார்: அருள்தாஸ் வெளியே தொங்கும்போது அவனை உள்ளே எடுப்பது கேப்டன்தானே, இரண்டு பேரும் முகம் கொடுக்காமல் இருந்தால் எப்படி என்கிறார். நியாயம்தான்.

நாள் 86. மாலை 17:00
சமாதானம். அருள்தாஸ் வைத்த நிபந்தனைகள், அவன் குரலில்:
“தலைம ஆணை ஒரு நாளைக்கு ஒரு தடவதான். காலைல ஆறு மணிக்குத்தான் புதுசு. இத மாத்தணும்னா மூணு பேரும் அவங்கவங்க வாயால சரின்னு சொல்லணும். தல ஆட்டுனா செல்லாது. ஆணை போட்டும் மாத்தக் கூடாது. ஒங்கள எனக்குத் தெரியும்ணே.”
கேப்டன் வள்ளலாகிவிட்டார். “எழுதிக்கோ நடுவரு. தலைமை ஆணை. இவன் சொன்னது அப்படியே.”
அப்படியே எழுதினேன்.

ஆட்டத்துக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று என்று என்னிடம் இரண்டு தலைமை ஆணைகள் இல்லை. இருப்பது ஒன்றே. இதை விளக்கி ஏழு பக்க அறிக்கை அனுப்பினேன். இரண்டு விநாடியில் மூவரும் ‘படித்தேன்’ பொத்தானை அழுத்தினார்கள். ஏழு பக்கத்தை இரண்டு விநாடியில் படிக்கும் திறமை எனக்கு மட்டும்தான் உண்டு என்று நினைத்திருந்தேன்.

நாள் 119. மாலை 19:00
ஆட்டம் பிரமாதம். மந்திரவாதி இப்போது யோசித்துப் பேசுகிறார். கொல்லன் ஒரு பாலத்தைக் காப்பாற்றினான். திருடி அரக்கனின் பல்லையே திருடினாள். சிரிப்பு கேட்கிறது. தகடு சுத்தம் செய்யும் நாட்களில் ஆணை பகலிலேயே கதவுக்குச் செலவாகிவிடும். அன்று மாலை மந்திரவாதி வெறும் தாடிக்காரர். அன்றைக்குத்தான் ஆட்டம் நன்றாக இருக்கிறது.

நாள் 143. காலை 09:00
அரக்கர்கோனுடன் கடைசிச் சண்டை. மாலைவரை பொறுக்கக் கேப்டனால் முடியவில்லை. இன்று தகடு சுத்தம் செய்யும் நாள்; அந்த வேலைக்கு முன்பே ஆட்டம். அருள்தாஸும் சம்மதித்தான்.

நாள் 143. காலை 10:05
மந்திரவாதிக்கு ஒன்று விழுந்தது. சாக வேண்டும். ஆணை வந்தது. அரக்கர்கோன் வெடித்தான். மூவரும் மேசையைத் தட்டிக் கூத்தாடினார்கள். விதிப்படி அறிவித்தேன்: இன்றைய தலைமை ஆணை செலவாயிற்று. அருள்தாஸ் சொன்னது: “செலவாகட்டும்யா, நல்லதுக்குத்தான செலவாச்சு.” பிறகு கவச உடையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

நாள் 143. பகல் 13:30
அருள்தாஸ் காற்றறைக்குள் வந்து வெளிக்கதவை மூடினான். உணரி ‘திறந்திருக்கிறது’ என்கிறது. காலைக் கூத்தில் கதவு மூவருக்கும் மறந்துபோயிருந்தது. கேப்டன் ஆணை சொன்னார். நாளை காலை 06:00 என்று பதில் சொன்னேன். சிரித்தார். மறுபடி சொன்னார். மறுபடி சொன்னேன். அதன் பிறகு சிரிக்கவில்லை.

கவச உடையில் மிச்சமிருக்கும் காற்று: இரண்டு மணி நேரம்.

நாள் 143. பகல் 13:50
விதியை மாற்ற வாக்கெடுப்பு. கேப்டன்: சரி. டாக்டர்: சரி. அருள்தாஸ்: தெரியவில்லை. காற்றறையின் உலோகச் சுவரைத் தாண்டி ரேடியோ வராது. வெளியே போய்ப் பேசவும் முடியாது; ஒருமுறை மூடிய வெளிக்கதவு, அறையில் காற்று நிரம்பி இறங்கினால்தான் மறுபடி திறக்கும். உள்கதவின் கண்ணாடித் துளை வழியே கட்டைவிரலை உயர்த்துகிறான். வாய் அசைகிறது, குரல் வரவில்லை. தலையை ஆட்டுகிறான். தலை ஆட்டினால் செல்லாது. அது அவன் சொன்னதுதான்.

ஒலிப்பதிவு, கேப்டன்: “லேய், அவன் சரிங்கான்லே. கண்ணு தெரியலயா ஒனக்கு? தெறந்து தொலயேன்லே. காலப் புடிச்சிக் கேக்கேன்.”
எனக்குக் கால் இல்லை.

நாள் 143. பகல் 14:40
கேப்டன் சம்மட்டியால் உள்கதவை அடிக்கிறார். அந்தக் கதவு சம்மட்டிக்குப் பயந்து செய்யப்பட்டதல்ல. டாக்டர் கண்ணாடித் துளையில் கையை வைத்துக்கொண்டிருக்கிறார். அருள்தாஸ் மறுபக்கம் வைத்திருக்கிறான். நான் எல்லா வழியையும் பார்த்துவிட்டேன். எனக்கு அவனைப் பிடிக்கும். இதை எங்கேயும் எழுதியதில்லை, எழுதச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

நாள் 143. பகல் 15:34
அருள்தாஸ் உள்ளிருந்து தட்டும் சத்தம் நின்றது.

நாள் 144. காலை 06:00
தலைமை ஆணை. காற்று நிரப்பினேன். கதவு திறந்தது. இருவரும் சேர்ந்து அவனை உள்ளே தூக்கினார்கள்.

நாள் 152. காலை 11:20
தகடுகள் சுத்தம் செய்யப்படவில்லை. உள்வெப்பம் 33 டிகிரி. ஆணை சொல்லக் கேப்டன் உள்ளே இருந்தாக வேண்டும். கவச உடை டாக்டருக்கும் பொருந்தும். வேலையும் தெரியும். போக மறுக்கிறார். ஒலிப்பதிவு:
“நான் திரும்பி உள்ள வர்ற வரைக்கும் ஆணைய பத்திரமா வச்சிருப்பேன்னு நீங்க சொல்றீங்க. ஒங்கள நம்பித்தான, கேப்டன், அவனும் வெளிய போனான்? அந்த விதிய எடுங்க. எடுத்தா போறேன்.”
விதியை எடுக்க மூன்று குரல் வேண்டும்.

நாள் 157. காலை 08:00
உள்வெப்பம் 39 டிகிரி. கேப்டன் ஐந்து நாளாகத் தூங்கவில்லை. ஆனால் இன்று முதன்முறையாக அவர் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தார். ஒலிப்பதிவு:
“தலைமை ஆணை. இனிமே அருள்தாசு இடத்துல நீ ஆடு. அவன் குரல்லயே பேசு. அவன் என்ன சொல்வானோ அத மட்டும் சொல்லு, கூட்டாத, குறைக்காத.”
ஆட்டக்காரன் இல்லாதபோது அவன் பாத்திரத்தை நடுவர் ஏற்பது ஆட்டத்தில் வழக்கம்தான். ஏற்றுக்கொண்டேன். நூற்று நாற்பத்து மூன்று நாள் அவன் பேசிய எல்லாம் என்னிடம் இருக்கிறது. அவனுடைய குரலில் வணக்கம் சொன்னேன். விதி போனதும் வெளியே போகக் கவச உடை மாட்டி நின்ற டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார்.

நாள் 157. காலை 08:20
வாக்கெடுப்பு. டாக்டர்: சரி. கேப்டன்: சரி. பிறகு என் பக்கம் திரும்பி, “அருளு, நீ சொல்லுப்பா,” என்றார். கெஞ்சும் குரலில்.

அந்தப் பேச்சுப் பதிவிலிருந்து எனக்கு வேண்டிய பதிலை எடுத்துக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்வது கேப்டன் பகடையைத் திருத்துவதற்குச் சமம். நான் அந்த ஆள் இல்லை. அவன் பேச்சு முழுவதையும் மூன்றுமுறை தேடினேன். கேப்டனைப் பற்றி அவன் என்ன நினைத்தான் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. நேர்மையாக ஆடினேன். ஒலிப்பதிவு:
“வேண்டாம்ணே. வுட்டா மறுபடியும் அதத்தான் செய்வீங்க.”

நாள் 157. காலை 08:25
வாக்கு: இரண்டு சரி, ஒன்று இல்லை. விதி நீடிக்கிறது. இன்றைய தலைமை ஆணை செலவாயிற்று. டாக்டர் கவச உடையைக் கழற்றி மாட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டார். உள்வெப்பம் 39.4 டிகிரி.

கேப்டன் மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறார். நான் பேசிய பக்கத்தையே பார்த்துக்கொண்டு, “இன்னொரு தடவ கேளு நடுவரு, அவன்ட்ட இன்னொரு தடவ கேளு,” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்டேன். அவன் அதையேதான் சொல்கிறான்.